கவுன்சலிங் கொடுத்தவர் மீது புகார் கொடுக்க வேண்டும், எங்கே போவது?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் இருக்கிறேன், வயது முப்பத்துச் சொச்சம், ஒரு பையன். வீட்டுப் பிரச்சினைகளால் தூக்கமே இல்லாமல் போய், தெரிந்தவர்கள் சொல்லி ஒரு தனியார் கவுன்சலிங் மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். போர்டில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றும், கீழே சைக்கோதெரபிஸ்ட் என்றும் இருந்தது. முதல் சில மாதங்கள் உண்மையிலேயே உதவியாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அப்புறம் இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப் வர ஆரம்பித்தது. முதலில் நலம் விசாரிப்பு, பிறகு அவருடைய மனைவியோடு அவருக்கு இருக்கும் சண்டை, பிறகு "உங்களைத் தவிர யாரும் என்னைப் புரிந்துகொள்வதில்லை" என்பது மாதிரி. செஷனில் என் பிரச்சினையைவிட அவர் பிரச்சினையைத்தான் அதிகம் பேசினோம். ஒரு கட்டத்தில் மையத்துக்கு அவசரம் என்று சொல்லிக் கடன் கேட்டார், ஜிபேயில் அனுப்பினேன், திரும்பி வரவில்லை. கடைசியாக, அணைத்துக்கொள்வதும் தெரபியின் ஒரு பகுதிதான் என்று சொல்லி நான் வேண்டாம் என்று விலகியும் விடவில்லை. இனி வர மாட்டேன் என்று மெசேஜ் போட்டதற்கு வந்த பதில்: "உங்க ஃபைல் முழுக்க என்கிட்டதான் இருக்கு, யோசிச்சு முடிவு எடுங்க."

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "படிச்ச பொண்ணு நீ, அப்பவே தெரிய வேண்டாமா" என்கிறாள். வெளியே சொன்னால் "இவளே மனநலம் சரியில்லாமல் போனவள்தானே" என்று முடித்துவிடுவார்கள் என்றும் சொல்கிறாள். எனக்குத் தெரிய வேண்டியது: டாக்டர்கள் மீது மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கிற மாதிரி இவர்கள் மீது கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா? புகார் கொடுத்தால் நான் செஷனில் சொன்னதையெல்லாம் அவர் வெளியே எடுத்து வைப்பாரா?

கீழ்ப்பாக்கம்_பணியாளர்:

தோழி, நான் மனநல சமூகப்பணியாளர், மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். உங்கள் அக்கா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உடைந்துபோய் ஒருவர் முன்னால் உட்கார்ந்து மனதைத் திறப்பவருக்கு எல்லை எங்கே என்று கவனிக்கும் வேலை கிடையாது. அது எதிரே காசு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் வேலை. ராத்திரி மெசேஜ், தன் குடும்பக் கதை, கடன், அப்புறம் தொடுதல் என்று படிப்படியாக வருவது இந்தத் தொழிலில் நன்றாகத் தெரிந்த வரிசைதான், அதனால்தான் எங்கள் பயிற்சியில் முதல் படியிலேயே நிறுத்தச் சொல்லித் தருவார்கள். சிகிச்சைக்கு வருபவரிடம் கடன் வாங்குவது ஒன்றே போதும், நடத்தை விதி எழுதி வைத்திருக்கிற எந்தச் சங்கத்திலும் அது மீறல்.

சரி, எங்கே போவது. இங்கேதான் நம் நாட்டில் சிக்கல். பேச்சு மூலம் சிகிச்சை தருகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோருக்கும் கடிவாளம் ஒரே இடத்தில் இல்லை. அவர் மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். படித்தவர், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு இருக்கும், புகாரும் அங்கேதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் டெல்லியில் இருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், ஆர்.சி.ஐ. என்போம், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற இடத்தில் இரண்டு வருட எம்.ஃபில். முடித்தவர்கள்தான் பெரும்பாலும் அதில் இருப்பார்கள். தொழில் நடத்தை தவறினால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. பதிவே இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் இன்று அவர்களுடைய ஒரு செஷன் கட்டணம் கூட ஆகாது, அந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

மூன்றாவது வகைதான் பெரிய கூட்டம். கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட், லைஃப் கோச், ஹீலர் என்று போர்டு மாட்டியவர்கள். எம்.எஸ்சி. சைக்காலஜி படித்து ஒழுங்காக வேலை செய்கிற நல்லவர்கள் இவர்களில் நிறைய உண்டு, வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. 2021இல் மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்காக வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்தில் ஆலோசகர்களும் கிளினிக்கல் அல்லாத உளவியலாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், ஆனால் அதன் பதிவேடு வேலை மிக மெதுவாகத்தான் நடக்கிறது. பெயருக்கு முன் டாக்டர் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பி.எச்டி. வாங்கினாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே இன்று இரவே செய்ய வேண்டிய ஒரே வேலை, அவர் பெயரை ஆர்.சி.ஐ. இணையதளத்திலும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் தளத்திலும் தேடிப் பாருங்கள். விசிட்டிங் கார்டு, ரசீது, லெட்டர்ஹெட் எதிலாவது பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் பொறுத்துதான் அடுத்த வழி.

வைகை_வக்கீல்:

மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். மேலே சொன்னது சரி, ஆனால் பதிவு இல்லாதவர் என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தொழில் கவுன்சில் பறிக்கக்கூடியது உரிமத்தை மட்டும்தான். நீங்கள் சொன்ன விஷயங்கள் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டன.

வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொட்டது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம், 75ஆம் பிரிவில் வரும் பாலியல் தொல்லை. ஃபைலைக் காட்டி மிரட்டுவது 351, குற்றமுறு மிரட்டல். மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் இப்போதைய சட்டம். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இதைவிட மோசமாக நடந்திருந்தால், 68ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். அதிகாரமோ நம்பிக்கையோ சார்ந்த உறவில் இருப்பவர் அந்த இடத்தைப் பயன்படுத்தி ஒரு பெண்ணை உடலுறவுக்கு இணங்க வைத்தால், அது வன்புணர்வு என்ற வரையறைக்குள் வராவிட்டாலும் ஐந்து முதல் பத்து வருடம். "அவளும் சம்மதித்தாள்" என்ற பதில் அங்கே அவரைக் காப்பாற்றிவிடாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டம். இதற்காக அமைக்கும் புகார்க் குழுவைத்தான் விசாகா கமிட்டி என்பார்கள், அது ஆபீஸில் வேலை செய்யும் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்று இல்லை, அந்த இடத்துக்கு வந்தவராக இருந்தாலும் போதும். மருத்துவமனையில் நடந்திருந்தால் அவர்களுடைய உள்ளகக் குழு. உங்கள் விஷயத்தில் மையத்தின் முதலாளியே அவர்தான் போலிருக்கிறது, அப்படியானால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழு, கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் சொல்வார்கள். ஆனால் கெடு உண்டு: கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம். அதனால் யோசித்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள்.

பணம் கட்டிப் பெற்ற சேவை என்பதால் நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கோர்ட் கட்டணம் கிடையாது. தகுதி இல்லாமல் தகுதி இருப்பதாகப் போர்டு வைத்தது அங்கே பலமான வாதம்.

சாட்சியம் பற்றி: சாட்டை அழிக்காதீர்கள், கோபத்தில் பதிலும் போடாதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் போதாது, மூலக் கருவி, அதாவது அந்தப் போன், கையில் இருந்தால்தான் மின்னணு ஆதாரத்துக்குச் சாட்சியச் சட்டம் கேட்கிற சான்றிதழை ஒழுங்காகக் கொடுக்க முடியும். முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் இமெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

தனிமரம்:

நான் வேறு மாதிரி ஒரு புகார் கொடுத்தவள். எனக்குச் சிகிச்சை கொடுத்தவர் என்னிடம் தவறாக நடக்கவில்லை, ஆனால் நான் செஷனில் சொன்னதை என் அப்பாவைக் கூப்பிட்டு அவரிடம் சொல்லிவிட்டார். பெரிய தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. அப்பாதான் பில் கட்டுகிறார், அதனால் அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காப்பது பற்றியது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள்தான் அதில் இருக்கின்றன, பில் கட்டுகிற அப்பா அதில் இல்லை. அதைக் குறிப்பிட்டுக் கண்காணிப்பாளருக்கு எழுதினேன். முதல் சந்திப்பில் "நீங்கள் இன்னும் மருந்து சாப்பிடுகிறீர்கள் அல்லவா, கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவது இயல்பு" என்றார்கள். உங்கள் அக்கா பயப்படுவது இதைத்தான், அது நடக்கும், நடந்தது. ஆனால் சேவையில் குறை இருந்தால் புகார் கொடுக்கும் உரிமையை 28ஆம் பிரிவு கொடுப்பதே மனநோய் உள்ளவர்களுக்குத்தான். மருத்துவமனையில் திருப்தி இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் மாநில மனநல ஆணையம் என்று அதே பிரிவில் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அதை எழுதியவுடன் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

எனக்கு உதவியது ஒன்றுதான். முதலில் நான் எழுதியது பன்னிரண்டு பக்க அழுகை, அதைத் தோழி ஒருத்தி வாங்கி வைத்துக்கொண்டு, தேதி, என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன ஆதாரம் என்று ஒரே பக்கத்தில் எழுத வைத்தாள். எவ்வளவு வலித்தது என்பதை அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், கேட்காவிட்டால் அந்த ஒரு பக்கம் பேசும். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொண்டேன். கடைசியில் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன், அப்பாவிடமும் காட்டினேன்.

வானவில்_திருச்சி:

ஒரு விஷயம் சேர்க்கிறேன், நேரடியாகச் சம்பந்தம் இல்லை போலத் தோன்றும், ஆனால் இருக்கிறது. ஓரினச் சேர்க்கையாளர்களையும் திருநர்களையும் "மாற்றிக் காட்டுகிறேன்" என்று பெற்றோரிடம் காசு வாங்கிக்கொண்டு கவுன்சலிங் கொடுப்பவர்கள் நம் ஊரில் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கில், அப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்து, செய்பவர்களின் உரிமத்தை ரத்து செய்வது உள்பட நடவடிக்கை எடுக்கச் சொன்னார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் அந்த நீதிபதி தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், அதை உத்தரவிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார், படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அது தொழில்முறைத் தவறு என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது.

இப்போது பாருங்கள், அந்த ஆணையம் கட்டுப்படுத்துவது மருத்துவர்களை மட்டும்தான். எம்.பி.பி.எஸ். படித்தவர் செய்தால் அவர் உரிமம் போகலாம். பக்கத்துத் தெருவில் எந்தப் பதிவும் இல்லாமல் அதையே செய்பவருக்குப் போவதற்கு உரிமமே இல்லை. உயர் நீதிமன்றம் சொல்லியும் இந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. நொய்யல்கரை போன்றவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு புகாரும் இதனால்தான் முக்கியம், எழுத்தில் வராத வரைக்கும் அரசாங்கத்துக்கு இது பிரச்சினையாகவே தெரியாது.

வல்லை_லண்டன்:

தங்கச்சி, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது, 2009இல் இருந்து எச்.சி.பி.சி. என்ற அமைப்பிடம் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட ஏலாது. ஆனால் கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட் என்று யாரும் போட்டுக்கொள்ளலாம், இங்கேயும் அப்படித்தான். பி.ஏ.சி.பி. என்ற பெரிய சங்கம் தன் உறுப்பினர்கள் மீது வரும் முறைப்பாடுகளை விசாரித்து, தண்டனை கொடுத்தால் அதைத் தன் இணையதளத்திலேயே போடும், யாரும் வாசிக்கலாம். அது நல்ல விஷயம். ஆனால் உறுப்புரிமை பறிபோன ஆள் அடுத்த கிழமை அதே அறையில் அதே பெயரோடு ஆட்களைப் பார்க்கலாம், தடுக்கச் சட்டம் இல்லை. எங்கட சனம் போரால் வந்த மனக்காயத்தோடு தமிழில் கதைக்கக்கூடிய ஆள் கிடைத்தால் போதும் என்று பதிவைப் பார்க்காமலே போகிறது. நான் எல்லோரிடமும் சொல்வது, முதல் நாளே "நீங்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள்" என்று கேளுங்கோ, ஒழுங்கான ஆள் கோபிக்க மாட்டார்.

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி, திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு தளத்திலும் தேடினேன், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டும் அவர் பெயர் எதிலும் இல்லை. ரசீதிலும் எண் கிடையாது. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் சான்றிதழ் இருந்தது நினைவிருக்கிறது.

அணைத்தது இரண்டு மாதத்துக்குள்தான், அதனால் கலெக்டர் ஆபீஸ் கெடு தாண்டவில்லை. ஆனால் அந்த ஃபைல்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கணவரிடம் சொல்லாத விஷயங்கள் அதில் இருக்கின்றன.

கீழ்ப்பாக்கம்_பணியாளர்:

அந்தச் சங்கத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான சங்கங்களால் உறுப்பினர் அட்டையைப் பறிக்க முடியும், அவ்வளவுதான். இருந்தாலும் உங்களுக்கு முன்னால் வேறு யாராவது அவர்மீது எழுதியிருந்தால், இரண்டாவதாக வரும் கடிதம் முதலாவதுக்கும் பலம் சேர்க்கும்.

ஃபைல் பற்றி: மிரட்டலை எழுத்தில் அனுப்பியது அவர் செய்த முட்டாள்தனம், உங்களுக்கு அதுவே ஆதாரம். இப்படி மிரட்டுபவர்களுக்கு வேண்டியது நீங்கள் தனியாகப் பயந்துகொண்டிருப்பது. அக்காவைத் தவிர இன்னும் ஒருவருக்காவது முழுவதும் தெரியட்டும். தூக்கம் போனதையும் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், 14416 டெலிமானஸ், அரசாங்கத்துடையது, இலவசம், தமிழில் பேசலாம். மறுபடியும் ஒரு தெரபிஸ்டிடம் போவதை நினைத்தாலே உங்களுக்குக் குமட்டலாம், அவசரமே இல்லை. போகும்போது கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆரம்பிக்கலாம், அங்கே இருப்பவர்களுக்கு மேலே கேள்வி கேட்க ஆள் உண்டு.

வைகை_வக்கீல்:

நேர்மையாகச் சொல்கிறேன் அம்மா, நம் சட்டத்தில் வக்கீலிடம் சொன்னதற்கு இருக்கும் பாதுகாப்பு கவுன்சிலரிடம் சொன்னதற்குக் கிடையாது. கோர்ட் கேட்டால் குறிப்புகளைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கோர்ட் கேட்பது வேறு, அவராக உங்கள் கணவருக்கு அனுப்புவது வேறு. இரண்டாவதைச் செய்தால் மிரட்டலைச் செயலில் காட்டியவர் ஆகிறார், வழக்கு அவருக்கு எதிராக இன்னும் இறுகும். அதனால் புகாரோடு சேர்த்து ஒரு வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும்: குறிப்புகளை அழிக்கவோ யாருக்கும் காட்டவோ கூடாது, மீறினால் என்ன நடவடிக்கை என்று. புகாரில் நீங்கள் எதற்காகக் கவுன்சலிங் போனீர்கள் என்பதை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டியதே இல்லை. "குடும்ப மன உளைச்சல்" போதும். காவல் நிலையத்தில் துருவிக் கேட்டாலும் அந்த வரியோடு நில்லுங்கள், விசாரணை அவர் செய்ததைப் பற்றியது.

வக்கீல் கட்டணம் யோசிக்கிறீர்கள் என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோவை கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, 15100க்கு அழைத்தும் கேட்கலாம். பெண் வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள்.

நொய்யல்கரை:

15100க்குப் பேசினேன், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தனிமரம் சொன்ன மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவும் கூட வருகிறாள், இந்தத் திரியை அவளைப் படிக்க வைத்தேன். வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

வைகை_வக்கீல்:

ஆதார், ரசீதுகள், விசிட்டிங் கார்டு, அவருடைய போர்டை யாரையாவது வெளியே தெருவிலிருந்து எடுக்கச் சொன்ன புகைப்படம். இரண்டு தளத்திலும் தேடியபோது பெயர் வரவில்லை என்று காட்டும் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுங்கள். ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் அந்த மாதத்து வங்கி ஸ்டேட்மெண்ட்டைக் கிளையில் முத்திரை போட்டு வாங்குங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல், மூலம் எதையும் யாரிடமும் விட்டு வர வேண்டாம். போனை சார்ஜ் போட்டுக் கொண்டுபோங்கள், சாட்டை அங்கேயே திறந்து காட்டச் சொல்வார்கள்.